இருட்டுவதற்கு இருபது நிமிடம்: சுடலாமா, விடலாமா?

கேள்வி:

டாக்டர் சார், வணக்கம். நான் தண்டையார்பேட்டைக்காரன். வயது 33. ஆறு வருஷமாக டெக்சாஸில், ஆஸ்டின் நகரத்தில் ஐடி வேலை. பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன். போன நவம்பரில் ஆபீஸ் நண்பர் ஒருவர் தன் குடும்பப் பண்ணைக்கு மான் வேட்டைக்கு அழைத்துப் போனார். வேட்டை வகுப்பு முடித்து, வேட்டை லைசென்ஸ் எடுத்துக்கொண்டுதான் போனேன். இரண்டாம் நாள் சாயங்காலம், சூரியன் மறைந்து பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது. சுமார் 140 கஜத்தில் ஒரு பெட்டை மான் வந்து நின்றது. ஸ்கோப்பில் (துப்பாக்கி மேல் பொருத்திய குறிபார்க்கும் தொலைநோக்கி) பளிச்சென்று தெரிந்தது. கொஞ்சம் சாய்வாக நின்றது. சுட்டேன். முதுகை வளைத்துக்கொண்டு ஓடியது. இருட்டிவிடப் போகிறதே என்று உடனே இறங்கிப் போனோம். அது நின்ற இடத்தில் கருஞ்சிவப்பாக ரத்தம். அறுபது எழுபது கஜம் தள்ளி ஒரு மரத்தடியில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம் தேங்கியிருந்தது. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. எட்டு மணி வரை டார்ச் அடித்துத் தேடினோம். "காலையில் பார்க்கலாம்" என்றார் நண்பர். காலையில் வேலியோரம் கிடைத்தது. பாதிக்கு மேல் கொயோட்டிகள் (நரி மாதிரி அந்த ஊர்க் காட்டு நாய்கள்) தின்றுவிட்டிருந்தன.

எங்க நைனாவுக்குக் காசிமேட்டில் ஃபைபர் படகு இருக்கிறது. கதையைக் கேட்டுவிட்டு, "எடுக்க முடியாதுன்னா இன்னாத்துக்குடா போட்ட?" என்று ஒரே வார்த்தை கேட்டார். அது இன்னும் குத்துகிறது. தப்பு சுட்டதிலா, தேடியதிலா? அடுத்த சீசனில் எத்தனை மணி வரை சுடலாம்? இன்னொன்று, நம்ம ஊரில் ஏன் இதற்கு அனுமதி இல்லை?

பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை.

பதில்:

தம்பி, இந்தப் பகுதிக்கு வழக்கமாக நாய்க்கு உண்ணி, பூனைக்குக் காய்ச்சல், பந்தயப் புறாவுக்குக் கழிச்சல் என்றுதான் கடிதம் வரும். மான் கடிதம் இதுதான் முதல். வேப்பேரி கால்நடைக் கல்லூரியில் படித்துவிட்டு டெக்சாஸில் பத்தொன்பது வருஷம் கால்நடை டாக்டராக இருந்து, பெரம்பூருக்குத் திரும்பி வந்தவன் நான் என்பது தெரிந்துதான் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே என்னிடம் மாடு காட்ட வந்தவர்களில் பாதிப் பேர் நவம்பரில் பரண் மேல் உட்காருகிறவர்கள். அவர்களோடு நானும் உட்கார்ந்திருக்கிறேன். அடிபட்ட மானை அவர்களோடு சேர்ந்து ராத்திரியில் தேடியும் இருக்கிறேன்.

தப்பு தேடியதில்தான் நடந்தது. ஆனால் நீங்கள் சுட்ட நேரம் அந்தத் தப்பைச் செய்யாமல் இருக்க உங்களை விடவில்லை.

உங்கள் கடிதத்திலேயே மூன்று தடயங்கள் இருக்கின்றன. மான் முதுகை வளைத்துக்கொண்டு ஓடியது ஒன்று. ரத்தம் கருஞ்சிவப்பாக இருந்தது இரண்டு. மூன்றாவதுதான் முக்கியம்: மரத்தடியில் தேங்கியிருந்த ரத்தம். ஓடுகிற மான் ரத்தத்தைச் சிதறவிட்டுப் போகும், தேங்க விடாது. ஒரு இடத்தில் தேங்கியிருக்கிறது என்றால் அது அங்கே படுத்திருந்தது என்று அர்த்தம். நீங்கள் டார்ச்சோடு வருவதைக் கேட்டு எழுந்து போயிருக்கிறது.

நுரையீரலில் பட்டிருந்தால் ரத்தம் இளஞ்சிவப்பாக, சோப்பு நுரை போலக் குமிழி கட்டியிருக்கும். வயிற்றில் பட்டிருந்தால் பச்சையோ பழுப்போ கலந்து, மாட்டுத் தொழுவ நாற்றம் அடிக்கும். கருஞ்சிவப்பு, நுரையில்லை, முதுகு வளைவு, சாய்வாக நின்ற மான் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், தோட்டா நீங்கள் நினைத்த இடத்துக்கு ஒரு சாண் பின்னால், கல்லீரலில் பட்டிருக்கிறது என்பது என் கணிப்பு. கல்லீரலில் பட்ட மான் பிழைக்காது. ஆனால் உடனே சாகவும் செய்யாது. யாரும் துரத்தாவிட்டால் நூறு இருநூறு கஜத்துக்குள் நிழலாக ஒரு இடம் பார்த்துப் படுத்துக்கொள்ளும். அங்கேயே கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிவிடும். அதற்கு மூன்று, நான்கு மணி நேரம் கொடுக்க வேண்டும் என்பது அங்கே எல்லோரும் பின்பற்றும் கணக்கு. நீங்கள் கொடுத்தது பத்து நிமிடம்கூட இல்லை. எழுப்பிவிட்டால் அது உயிர் போகும்வரை ஓடும். உங்கள் மான் வேலி வரைக்கும் போனது அப்படித்தான்.

உடனே ஏன் இறங்கினீர்கள்? "இருட்டிவிடப் போகிறதே என்று." நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதே சுடுதலை மத்தியானம் ஒரு மணிக்குச் சுட்டிருந்தால், உங்கள் நண்பர் பரணிலேயே உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, "நாலரைக்குப் போய்ப் பார்க்கலாம்" என்று சொல்லியிருப்பார். காயம் "பொறு" என்கிறது. வெளிச்சம் "ஓடு" என்கிறது. அந்தியில் சுடுகிறவன் மாட்டிக்கொள்வது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். அதனால் சூரியன் மறைந்த பிறகு ஒரு மான் வந்து நின்றால் நான் என்னிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இது கொஞ்சம் பிசகினால், பொறுத்திருக்க என்னிடம் நேரம் இருக்கிறதா? குறி சரியாக விழுந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் யோசித்துக்கொள்ளலாம். பிசகினால் என்ன ஆகும் என்பதை யோசிக்கத்தான் பரணில் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறோம்.

"ஸ்கோப்பில் பளிச்சென்று தெரிந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். தெரிந்திருக்கும். அதுதான் சிக்கலே. நல்ல ஸ்கோப் அந்தி வெளிச்சத்தைக் கூட்டிச் சேர்த்து உங்கள் கண்ணுக்குள் அனுப்புகிறது. மான் தெரியும். மானுக்கு முன்னால் குறுக்கே நீட்டியிருக்கும் சுண்டுவிரல் தடிமன் கிளை தெரியாது. மான் நேராக நிற்கிறதா, சாய்வாக நிற்கிறதா என்பது பகலில் உடம்பின் மேல் விழும் நிழலை வைத்துப் பிடிபடும். அந்தியில் நிழலே கிடையாது, மான் அட்டையில் வெட்டி ஒட்டிய படம் மாதிரித் தெரியும். நீங்கள் "கொஞ்சம் சாய்வாக" என்று கண்டது நிஜத்தில் நிறையவே சாய்வாக இருந்திருக்கலாம்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு உண்டு, பலருக்குத் தெரியாது. ஸ்கோப்பின் முன்கண்ணாடி அகலத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 40 மில்லிமீட்டர் கண்ணாடியை 9 மடங்கில் வைத்தால் நாலரை மில்லிமீட்டர்கூட வராது. அதையே 6 மடங்குக்கு இறக்கினால் ஆறரை மில்லிமீட்டருக்கு மேல். இளவயதுக் கண்மணி இருட்டில் 7 மில்லிமீட்டர் வரை விரியும். ஆக, அந்தியில் பெரிதாக்கிப் பார்க்கப் பார்க்க இருட்டைத்தான் கூட்டிக்கொள்கிறோம். மடங்கைக் குறைத்துப் பார்த்தும் மான் தெளிவாக இல்லையென்றால், அது உங்கள் மான் இல்லை.

கண்ணைப் பற்றி இன்னொன்று. இதை நான் கல்லூரியில் படித்தேன், ஆனால் காட்டில் முழங்கால் போட்டபோதுதான் புரிந்தது. வெளிச்சம் மங்கும்போது எல்லா நிறமும் ஒரே நேரத்தில் மங்குவதில்லை. சிவப்புதான் முதலில் போகும். நீலமும் பச்சையும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். பர்கின்யே என்ற செக் நாட்டு விஞ்ஞானி 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்து எழுதினார், அவர் பெயராலேயே இது அழைக்கப்படுகிறது. நிறம் பார்க்கும் செல்கள் ஓய்ந்து, இருட்டு பார்க்கும் செல்கள் பொறுப்பேற்கும்போது நடக்கிற மாற்றம் இது. இருட்டு பார்க்கும் செல்களுக்குச் சிவப்பு என்பது வெறும் கறுப்பு. புரிகிறதா? மான் இன்னும் தெரிந்துகொண்டிருக்கும்போதே ரத்தம் மறைந்துவிட்டிருக்கும். சுடுவதற்குப் போதுமான வெளிச்சம் வேறு, தேடுவதற்குப் போதுமான வெளிச்சம் வேறு. இரண்டாவது முதலில் தீர்ந்துபோகிறது.

மானுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதற்குச் சிவப்பு என்ற நிறமே சரியாகத் தெரியாது. ஆனால் அந்தி வெளிச்சத்துக்கென்றே அமைந்த கண். உள்ளே பின்பக்கத்தில் பூனைக்கு இருப்பது போல ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் வேறு. நமக்குக் கண் கட்டுகிற நேரம் பார்த்துத்தான் அது புதரை விட்டு வெளியே வருகிறது. அந்தியில் மான் வருவது தற்செயல் இல்லை.

உடனே டார்ச் அடித்தீர்கள், சரி. வெள்ளை வெளிச்சம் பட்டால் சிவப்பு திரும்பி வரும். ஆனால் டார்ச் காட்டுவது கையகல உலகத்தை. அந்த வட்டத்துக்கு வெளியே வேலி எந்தப் பக்கம், ஓடை எந்தப் பக்கம் என்பதெல்லாம் போய்விடும். அதோடு அங்கே நவம்பரில் சுமாக் செடியின் இலை சிவந்து உதிர்ந்து கிடக்கும். டார்ச்சில் ஒவ்வொரு இலைத்துண்டும் ரத்தச் சொட்டு மாதிரியே இருக்கும். நான் ஒரு சின்ன ஸ்பிரே பாட்டிலில் மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு வைத்திருப்பேன். சந்தேகமான புள்ளியின் மேல் அடித்தால், ரத்தமாக இருந்தால் பொங்கி வெள்ளையாக நுரைக்கும். இலையாக இருந்தால் சும்மா நனையும். ரத்தத்தில் இருக்கும் நொதியின் வேலை அது. காயம் கழுவும்போது பார்த்திருப்பீர்களே, அதேதான்.

அந்த ராத்திரி என்ன செய்திருக்கலாம்? சுட்டவுடன் பரணிலிருந்தே போனில் ஒரு படம் எடுத்திருக்கலாம்: மான் நின்ற இடம், அது புதருக்குள் நுழைந்த இடம். இறங்கிப் போனால் அந்தக் காட்சியே மாறிவிடும், 140 கஜத்திலிருந்து பார்த்த மரம் பக்கத்தில் போனதும் நான்கு மரமாகிவிடும். அப்புறம் அரை மணி நேரம் அசையாமல் இருந்திருக்க வேண்டும். இரண்டு நுரையீரலிலும் பட்ட மான் சில விநாடிகளில், நூறு கஜத்துக்குள் விழுந்திருக்கும். அரை மணி கழித்துப் போனாலும் அது அங்கேயேதான் கிடக்கும். பின் சத்தமில்லாமல் அது நின்ற இடத்துக்கு மட்டும் போய், ரத்தத்தையும் முடியையும் பார்த்து, கருஞ்சிவப்பு என்று தெரிந்ததும் ஓரடி முன்னால் வைக்காமல் வந்த வழியே திரும்பியிருக்க வேண்டும். நின்ற இடத்தில் ஒரு துண்டு டாய்லெட் பேப்பரைக் கிளையில் மாட்டிவிட்டு. (ஆமாம், டாய்லெட் பேப்பர். டார்ச்சில் பளிச்சென்று தெரியும், மழை பெய்தால் கரைந்துவிடும். ஒரு ரோல் முதுகுப்பையில் எப்போதும் இருக்கட்டும். ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு துண்டு மாட்டிக்கொண்டே போய்த் திரும்பிப் பார்த்தால், மான் போன திசை கோடு போட்ட மாதிரித் தெரியும்.)

சரி, திரும்பி வந்தாயிற்று. எத்தனை மணிக்கு மறுபடி போவது? உங்கள் நண்பர் சொன்ன "காலையில் பார்க்கலாம்" எனக்கு உடன்பாடில்லாத இடம் இதுதான். அந்தப் பேச்சு விஸ்கான்சின், மினசோட்டா மாதிரி நவம்பரில் ராத்திரி தண்ணீர் உறையும் மாநிலங்களுக்குத்தான் பொருந்தும். அங்கே மான் விடிய விடியக் கிடந்தாலும் குளிர்பெட்டியில் கிடக்கிற மாதிரி. டெக்சாஸ் நவம்பர் அப்படியில்லை. நீங்கள் மெல்லிய சட்டையோடு தேடியிருந்தீர்கள் என்றால் 15 டிகிரி செல்சியஸுக்குக் குறைவாக இருந்திருக்காது. கறி கெடாமல் இருக்க 4 டிகிரிக்குக் கீழே போக வேண்டும். செத்த மானின் உடம்பு 38 டிகிரிக்கு மேல் தொடங்குகிறது, மேலே தோல், உள்ளே சரிந்த குடல், தொடைச் சந்தில் கனமான சதை. வெளியே குளிர்ந்தாலும் தொடை எலும்பை ஒட்டிய இடம் விடியும் வரை சூடாகவே இருக்கும், அங்கிருந்துதான் புளித்து நாற ஆரம்பிக்கும். கொயோட்டி தொடாமல் இருந்தாலும் காலையில் அந்தக் கறியை நான் சாப்பிடச் சொல்லியிருக்க மாட்டேன். கொயோட்டியும் சும்மா இருக்காது, காட்டுப்பன்றியும் இருக்காது, விடிந்ததும் கழுகும் வந்துவிடும்.

கல்லீரல் அடி என்றால் மூன்று, நான்கு மணி நேரம். ஆறு மணிக்குச் சுட்டது, பத்து மணிக்குப் போயிருக்க வேண்டும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, நல்ல டார்ச் இரண்டு, மாற்று பேட்டரி, இன்னும் இரண்டு ஆட்களோடு. முடிந்தால் ஒரு நாயோடு. அங்கே ரத்தத் தடம் பிடிக்கப் பழக்கிய நாய்களைக் கயிற்றில் கட்டிக் கூட்டி வருபவர்கள் இருக்கிறார்கள், டெக்சாஸின் பெரும்பகுதியில் அடிபட்ட மானைத் தேட இரண்டு நாய் வரை அனுமதி உண்டு. நீங்கள் எட்டு மணி வரை மிதித்துத் துவைத்த இடத்தில்கூட நாய் கண்டுபிடிக்கும், ஆனால் மிதிக்காமல் விட்டால் அதற்கு வேலை சுலபம். நாய்க்காரரின் நம்பரைச் சீசன் தொடங்கும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி தேடப் போகும்போது அந்த மாவட்டத்து கேம் வார்டனுக்கு (வேட்டைச் சட்டத்தைக் கவனிக்கும் அதிகாரி) ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுவது நல்லது. இருட்டில் டார்ச்சும் துப்பாக்கியுமாகப் போகிறவனைப் பார்த்தால் திருட்டு வேட்டை என்றுதான் யாரும் நினைப்பார்கள். மான் பக்கத்துப் பண்ணைக்குள் போயிருந்தால் அந்த நிலக்காரரின் அனுமதி இல்லாமல் வேலி தாண்டக்கூடாது. அந்த ஊரில் இது விளையாட்டு இல்லை. வேலிக்கு ஐம்பது கஜத்தில் நிற்கும் மானை அந்தியில் சுடாமல் விட அது இன்னொரு காரணம்.

வயிற்றில் பட்டிருந்தால்? எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் விட வேண்டும். டெக்சாஸ் வெப்பத்தில் கறி போனதுபோலத்தான். ஆனாலும் தேட வேண்டும். தேட நியாயமான முயற்சி எடுக்காமல் விடுவது அந்த மாநிலச் சட்டப்படியே குற்றம்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் வருஷம் எனக்கும் இதேதான் நடந்தது, இன்னும் மோசமாக. மான் உடம்பில் எந்த உறுப்பு எங்கே என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான் என்ற மிதப்பு. கடைசி ஐந்து நிமிடத்தில் சுட்டேன். டார்ச் பேட்டரி அரை மணியில் போனது. மறுநாள் மத்தியானம் கழுகு வட்டமிட்டதை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். தோட்டா பட்ட இடத்தைப் பார்த்தால் மாணவனாக இருந்திருந்தால் என்னை ஃபெயில் ஆக்கியிருப்பேன்.

அடுத்த வருஷம் என்னோடு உட்கார்ந்தது எழுபது வயது தாண்டிய பண்ணைக்காரர் ஒருவர். சூரியன் மறைந்து கொஞ்ச நேரத்தில், பெரிய கொம்பு வைத்த கடா ஒன்று ஓக் மரங்களுக்குள்ளிருந்து வந்து, எங்களைப் பார்த்தபடி நின்றது. நான் துப்பாக்கியைத் தூக்கினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தன் ரைஃபிளின் போல்ட்டை மெதுவாகத் திறந்து, தோட்டாவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுப் பித்தானை மாட்டினார். அந்தப் பித்தான் சத்தம் எனக்குக் கேட்டது. நானும் இறக்கி வைத்தேன். கடா இன்னும் பத்து நிமிடம் எங்கள் முன்னாலேயே மேய்ந்தது. அது எங்கள் பக்கம் நெஞ்சைத் திருப்பி நின்றதையும், அந்த நிலையில் நுரையீரலுக்குக் குறி வைக்கக் கொஞ்சம் இடம்தான் கிடைக்கும் என்பதையும் அவர் இறங்கும்போதுதான் சொன்னார்.

இப்போது உங்கள் இரண்டாம் கேள்வி. எத்தனை மணி வரை? சட்டம் சொல்வது சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்பிலிருந்து மறைந்து அரை மணி வரை. நீங்கள் சுட்டது சட்டத்துக்குள்தான், அதில் குறையில்லை. ஆனால் சட்டத்துக்கு மேகம் தெரியாது, ஜூனிப்பர் புதரின் அடர்த்தி தெரியாது, உங்கள் கை நடுக்கமும் தெரியாது. நான் எனக்கு வைத்துக்கொண்ட கணக்கு இது. சூரியன் மறையும் வரை, பகலில் சுடுவதுபோல. மறைந்த பிறகு, எண்பது கஜத்துக்குள், திறந்த வெளியில், பக்கவாட்டாக, தலையைக் குனிந்து அசையாமல் நிற்கும் மான் மட்டும். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் விட்டுவிடுவேன். கடைசிப் பத்து நிமிடம், எதற்கும் இல்லை. மூடுபனி, மேகம், மழை வருகிற மாதிரி இருந்தால் எல்லாவற்றையும் கால் மணி முன்னுக்கு இழுத்துக்கொள்வேன், மழை ரத்தத் தடத்தை நிமிடத்தில் கழுவிவிடும். அடுத்தது உங்களுக்கு இரண்டாவது சீசன்தான். அதனால் அடுத்த நவம்பர் முழுக்க, சூரியன் மறைந்ததும் தோட்டாவை எடுத்துப் பைக்குள் போடுங்கள். தோட்டா இல்லாமல் உட்கார்ந்து பார்த்தால் மான் எந்தத் திசையில் எப்படி நிற்கிறது என்று அடையாளம் காணும் பழக்கம் வரும். இதை யாரும் கோழைத்தனம் என்று சொன்னால் சொல்லட்டும். நம் வியாசர்பாடிப் பக்கம் புறா வளர்க்கிறவர்கள் பொழுது சாயும் நேரத்தில் புறாவைப் பறக்க விடமாட்டார்கள். அவர்களை யாரும் கோழை என்று சொல்வதில்லை.

இன்னொரு விஷயம், நீங்கள் கேட்காதது. வேலை விசாவில் இருப்பவர்கள் அமெரிக்காவில் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருக்க மத்தியச் சட்டப்படி பொதுவாகத் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது அதற்கு ஒரு விதிவிலக்கு. ஆகவே லைசென்ஸ் தேதி முடிந்த மறுநாள் நண்பரின் துப்பாக்கியைத் தொட்டுப் பார்ப்பதுகூட வேண்டாம். நம்ம ஆட்கள் நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை.

நம்ம ஊரில் ஏன் இல்லை என்ற கேள்விக்குச் சுருக்கமாக: 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். புள்ளிமான், கடமான், வெளிமான் எதையும் இங்கே சுடக்கூடாது, சுட்டால் சிறை. அங்கே மனிதன் ஓநாயையும் பூமாவையும் பெருமளவு ஒழித்துவிட்டு, பெருகிய மானை லைசென்ஸ் கொடுத்துக் கட்டுப்படுத்துகிறான். இங்கே காடே சுருங்கிப்போன நிலை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. சீசன், சீசன் இல்லாத காலம் என்பது உங்கள் நைனாவுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை என்றால் காசிமேட்டில் அத்தனை விசைப்படகும் கரையில் நிற்கிறதே, அதே யோசனைதான். அவரிடம் சொல்ல ஒரு வேடிக்கையும் உண்டு. கிண்டியில் நாம் பார்க்கும் அதே புள்ளிமான் 1932இல் டெக்சாஸுக்குக் கொண்டுபோகப்பட்டது. இப்போது நீங்கள் இருக்கும் ஆஸ்டினுக்கு மேற்கே மலைப்பகுதியெல்லாம் அதன் கூட்டம்தான். வெளிநாட்டு விலங்கு என்பதால் அதற்கு அங்கே சீசனே கிடையாது. இங்கே தொட்டால் ஜெயில், அங்கே வருஷம் முழுக்கக் கறி.

நைனா கேட்டதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, அவர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். ஆனால் அவரோடு ஒரு வேலை செய்யுங்கள். ஆஸ்டினுக்குத் திரும்புவதற்கு முன் ஒரு நாள் சாயங்காலம் அவர் படகில் போங்கள். கரை வெளிச்சம் கொஞ்சம் குறையும் தூரத்துக்குப் போனால் போதும். படகில் ஒரு சிவப்பு மிதவையும் ஒரு நீல பிளாஸ்டிக் பக்கெட்டும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பகலில் எது பளிச்சென்று இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த மாதம் இங்கே ஆறு மணிக்கு முன்னும் பின்னுமாகச் சூரியன் மறைகிறது. மறைந்ததிலிருந்து இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டையும் பாருங்கள், நடுவில் போன் திரையைப் பார்த்துவிடாதீர்கள், கண் பழகியது கெட்டுவிடும். சிவப்பு மிதவை கறுப்பாகிற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் நைனாவின் முகம் உங்களுக்கு எவ்வளவு தெளிவாகத் தெரிந்தது என்பதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள்.